ரொமான்டிக் கால இசை மேதைகளும் அவர்களின் புதுமைகளும்

1761 ஆம் ஆண்டு மே மாதம் முதல் தேதி, ஹங்கேரியின் எஸ்டர்ஹாசி பிரபு குடும்பத்தில் ஜோசப் ஹைடன் என்ற இளம் இசையமைப்பாளர் வேலைக்குச் சேர்ந்தார். அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இருந்த விதிகள் இன்று படிப்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். அவர் சீருடை அணிய வேண்டும். தினமும் நண்பகலுக்கு முன்பும் பின்பும் முன்கூடத்தில் காத்திருந்து, இன்று என்ன இசை வேண்டும் என்று பிரபுவின் உத்தரவைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எழுதும் இசை பிரபுவுக்கு மட்டுமே உரியது. வெளியாருக்கு எழுத வேண்டுமானால் அனுமதி பெற வேண்டும். உலகம் போற்றும் ஒரு மேதை, அந்த அரண்மனையில் ஒரு பணியாளர் மட்டுமே.

மொசார்ட்டின் நிலையும் இதுதான். சால்ஸ்பர்க் பேராயரிடம் வேலை பார்த்தபோது சமையல்காரர்களோடும் ஏவலாட்களோடும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்ததை அவர் தன் தந்தைக்கு எழுதிய கடிதத்தில் மனம் நொந்து குறிப்பிட்டிருக்கிறார். 1781 இல் அந்த வேலையை உதறிவிட்டு வியன்னாவில் தனியாக வாழ முயன்றார்.

இதற்கு அடுத்த நூறு ஆண்டுகளில் ஐரோப்பிய இசையமைப்பாளரின் நிலை தலைகீழாக மாறியது. ஏவலாளாக இருந்தவர் கலைஞர் ஆனார், கலைஞராக இருந்தவர் நாயகன் ஆனார். அந்த நூறு ஆண்டுகளைத்தான் இசை வரலாற்றில் ரொமான்டிக் காலம் என்கிறார்கள். ரொமான்டிக் என்றவுடன் காதல் என்று நினைத்துவிடக் கூடாது. தனி மனிதனின் உணர்ச்சி, கற்பனை, இயற்கை, தாய்நாடு ஆகியவற்றைக் கலையின் மையத்தில் வைத்த ஒரு பெரிய இயக்கத்தின் பெயர் அது. ஏறத்தாழ 1800 முதல் 1910 வரை இந்தக் காலம் எனலாம்.

மாற்றத்தின் காரணங்கள்

முதல் காரணம் பணம். 1789 இல் தொடங்கிய பிரெஞ்சுப் புரட்சியும் அதன்பின் வந்த நெப்போலியன் போர்களும் பல பிரபுக் குடும்பங்களின் செல்வத்தைக் கரைத்தன. சொந்தமாக இசைக்குழு வைத்திருப்பது அவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அதே நேரத்தில் நகரங்களில் வணிகர்கள், வழக்கறிஞர்கள், அதிகாரிகள் கொண்ட நடுத்தர வர்க்கம் வளர்ந்தது. அவர்கள் டிக்கெட் வாங்கிக் கச்சேரி கேட்டார்கள். வீட்டில் பியானோ வாங்கி வைத்தார்கள். வாசிப்பதற்கு அச்சிட்ட இசைத்தாள்களை வாங்கினார்கள்.

இரண்டாவது காரணம் தொழில்நுட்பம். மொசார்ட் வாசித்த பியானோவில் 5 ஸ்தாயிகள்தான் இருந்தன, அதன் சட்டம் மரத்தால் ஆனது. ஒரே கட்டையை மிக வேகமாகத் திரும்பத் திரும்ப அடிக்க உதவும், செபாஸ்டியன் எரார் உருவாக்கிய விசையமைப்புக்கு 1821 இல் காப்புரிமை கிடைத்தது. 1825 இல் பாஸ்டனில் ஒரே வார்ப்பாக அமைந்த இரும்புச் சட்டம் வந்தது. அதனால் கம்பிகளை அதிக இறுக்கத்தில் கட்ட முடிந்தது, ஓசையும் பெருகியது. நூற்றாண்டின் இறுதியில் 88 கட்டைகள் கொண்ட பியானோ பரவலானது. கொம்பு, டிரம்பெட் போன்ற கருவிகளுக்கு வால்வுகள் கிடைத்தன. 1835 இல் டியூபாவும் 1846 இல் சாக்ஸபோனும் காப்புரிமை பெற்றன.

கருவி மாறியது, கேட்பவர் மாறினார், இசையும் மாறியாக வேண்டியிருந்தது.

பீத்தோவன்: கதவைத் திறந்தவர்

ஜெர்மனியின் பான் நகரில் 1770 இல் பிறந்த லுட்விக் வான் பீத்தோவன் 1792 இல் வியன்னாவுக்குக் குடிபெயர்ந்தார். முப்பது வயதைத் தொடுவதற்கு முன்பே அவருக்குக் காது மந்தமாகத் தொடங்கியது. 1802 இல் ஹைலிகன்ஷ்டாட் என்ற கிராமத்தில் தங்கியிருந்தபோது தன் சகோதரர்களுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். தற்கொலை எண்ணம் வந்ததையும், தனக்குள் இருக்கும் இசையை எழுதி முடிக்காமல் போக முடியாது என்ற உணர்வே தன்னைத் தடுத்ததையும் அதில் சொல்லியிருந்தார். அந்தக் கடிதத்தை அவர் அனுப்பவில்லை. அவர் இறந்த பிறகுதான் அது கிடைத்தது.

அதற்கு அடுத்து அவர் எழுதிய மூன்றாவது சிம்பொனி, இசை வரலாற்றின் திருப்புமுனை. அதற்கு முந்தைய சிம்பொனிகள் பொதுவாக அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இது ஏறக்குறைய 50 நிமிடங்கள் நீண்டது. இதன் இரண்டாம் பகுதி ஒரு சவ ஊர்வலம். நெப்போலியனைப் புரட்சியின் பிள்ளையாக நம்பிய பீத்தோவன் இதற்கு அவர் பெயரையே வைத்திருந்தார். 1804 இல் நெப்போலியன் தன்னைப் பேரரசராக அறிவித்துக்கொண்டதும் ஆத்திரம் கொண்டு அந்தப் பெயரைச் சுரண்டி அழித்தார். தாளில் ஓட்டை விழும் அளவுக்குச் சுரண்டிய அந்தப் பிரதி இன்றும் வியன்னாவில் பாதுகாக்கப்படுகிறது.

1808 இல் வெளிவந்த ஐந்தாவது சிம்பொனியில் நான்கே சுரங்கள் கொண்ட ஒரு சிறு துணுக்கை வைத்து முதல் பகுதி முழுவதையும் கட்டினார். 1824 மே 7 அன்று அரங்கேறிய ஒன்பதாவது சிம்பொனியின் கடைசிப் பகுதியில் பாடகர்களையும் பெரிய கோரஸையும் சேர்த்தார். சிம்பொனியில் மனிதக் குரல் என்பது அதுவரை யாரும் எதிர்பாராத ஒன்று. அன்று எழுந்த கைதட்டல் அவருக்குக் கேட்கவில்லை. பாடகி கரோலின் உங்கர் அவரைச் சபையின் பக்கம் திருப்பிவிட்ட பிறகுதான் மக்களின் ஆரவாரத்தை அவர் கண்ணால் பார்த்தார்.

இவர் எந்தப் பிரபுவின் சீருடையையும் வியன்னாவில் அணியவில்லை. 1809 இல் வேறு ஊருக்குப் போய்விடக் கூடாது என்பதற்காகவே மூன்று பிரபுக்கள் சேர்ந்து ஆண்டுக்கு 4000 ஃப்ளோரின் தருவதாக ஒப்பந்தம் செய்தார்கள். ஒரு காலத்தில் இசையமைப்பாளர் முன்கூடத்தில் காத்து நின்றார். இப்போது பிரபுக்கள் இசையமைப்பாளரைக் கெஞ்சினார்கள்.

ஷூபர்ட்: பாட்டுக்குள் ஒரு நாடகம்

வியன்னாவிலேயே பிறந்த ஃபிரான்ஸ் ஷூபர்ட் (1797 - 1828) 31 வயதே வாழ்ந்தார். அதற்குள் 600 க்கும் மேற்பட்ட பாடல்கள் எழுதினார். அவருக்கு முன் பாட்டில் பியானோ என்பது குரலுக்குத் துணை போகும் கருவி. ஷூபர்ட் அதைப் பாத்திரமாகவே ஆக்கினார்.

கெதேயின் கவிதைக்கு 1814 இல் அவர் அமைத்த ஒரு பாடலில் காதலனை நினைத்தபடி ஒரு பெண் நூல் நூற்கிறாள். பியானோ ராட்டையாகச் சுழல்கிறது. காதலனின் முத்தத்தை நினைக்கும் இடத்தில் ராட்டை திடீரென நின்றுவிடுகிறது. பிறகு தயங்கித் தயங்கி மறுபடியும் சுழலத் தொடங்குகிறது. அவள் மனம் நின்றதைச் சொல்ல ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. இதை எழுதியபோது ஷூபர்ட்டின் வயது 17. அடுத்த ஆண்டு எழுதிய எர்ல்கோனிக் பாடலில் கதை சொல்பவர், தந்தை, சாகும் தறுவாயில் உள்ள மகன், அவனை அழைக்கும் பேய் அரசன் என்ற நால்வரையும் ஒரே பாடகர் பாட வேண்டும். பியானோ குதிரையின் குளம்படியாக விடாமல் ஓடுகிறது.

ஆனால் அவர் எழுதிய பெரிய சிம்பொனிகளை வாசிக்க அவருக்கு ஓர் இசைக்குழு கிடைக்கவில்லை. முழுக்கத் தன் படைப்புகளை மட்டும் வைத்து அவர் நடத்திய பொதுக் கச்சேரி ஒன்றே ஒன்று, 1828 மார்ச்சில். அதே ஆண்டு நவம்பரில் இறந்துபோனார். முற்றுப்பெறாத சிம்பொனி என்று புகழ்பெற்ற படைப்பு 1865 இல்தான் முதன்முதலாக அரங்கேறியது.

பெர்லியோஸ்: ஆர்க்கெஸ்ட்ரா சொன்ன கதை

பிரான்சைச் சேர்ந்த ஹெக்டர் பெர்லியோஸ் (1803 - 1869) மருத்துவம் படிக்கப் பாரிஸ் வந்து, அதை விட்டுவிட்டு இசைக்குப் போனவர். பியானோ சரியாக வாசிக்கத் தெரியாது. அவருக்குத் தெரிந்தவை கிட்டாரும் புல்லாங்குழலும். ஒருவேளை அதனால்தான் அவர் பியானோவில் யோசிக்காமல் நேரடியாக ஆர்க்கெஸ்ட்ராவின் நிறங்களில் யோசித்தார்.

1827 இல் ஷேக்ஸ்பியர் நாடகத்தில் நடித்த ஹேரியட் ஸ்மித்சன் என்ற நடிகையைப் பார்த்து மனதைப் பறிகொடுத்தார். 1830 டிசம்பர் 5 அன்று அரங்கேறிய ஃபண்டாஸ்டிக் சிம்பொனி அந்த ஒருதலைக் காதலில் பிறந்தது. ஓபியம் உட்கொண்ட கலைஞன் ஒருவன் காணும் கனவுகளே இதன் ஐந்து பகுதிகள். கதையை அச்சிட்டுச் சபையினருக்குக் கொடுத்தார். காதலியைக் குறிக்கும் ஒரு மெட்டு ஐந்து பகுதிகளிலும் உருமாறி உருமாறி வருகிறது. நடன அரங்கில் வால்ட்ஸ் ஆகவும், கொலைமேடையில் ஒரு நொடி நினைவாகவும், கடைசியில் சூனியக்காரிகளின் கூட்டத்தில் கேலிக்கூத்தாகவும் அது ஒலிக்கிறது. இடிமுழக்கத்துக்கு நான்கு பேரை டிம்பனி வாசிக்க வைத்தார். வயலின் வில்லின் மரப்பகுதியால் கம்பியைத் தட்டச் சொன்னார். வார்த்தையே இல்லாமல் கதை சொல்லும் இசைக்கு இது முன்னோடி ஆயிற்று.

ஷோப்பானும் லிஸ்டும்: பியானோவின் இரு முகங்கள்

வார்சாவுக்கு அருகில் 1810 இல் பிறந்த ஃபிரெடெரிக் ஷோப்பான், 1830 நவம்பரில் போலந்தை விட்டுக் கிளம்பினார். சில வாரங்களில் ரஷ்ய ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சி வெடித்தது, பிறகு அது நசுக்கப்பட்டது. அவர் கடைசி வரை திரும்பிப் போகவே இல்லை. பாரிஸில் பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். வாழ்நாளில் அவர் கொடுத்த பொதுக் கச்சேரிகள் 30 அளவில்தான் இருக்கும்.

போலந்துக் கிராமத்து நடனமான மசூர்காவை எடுத்து, அதை யாரும் ஆட முடியாத, கேட்டு ஏங்க மட்டுமே முடிந்த இசையாக்கினார். விரல் பயிற்சிக்கான எட்யூடைக் கச்சேரிக்குரிய கலையாக உயர்த்தினார். இடது கை தாளம் தவறாமல் போக, வலது கை மட்டும் சற்றுப் பிந்தியும் முந்தியும் மனிதக் குரல் போலப் பாடும் ருபாட்டோ என்ற முறை அவருடைய முத்திரை. 1849 இல் பாரிஸில் இறந்தார். உடல் அங்கேயே அடக்கமானது. இதயத்தை மட்டும் அவருடைய சகோதரி லுட்விகா வார்சாவுக்கு எடுத்துச் சென்றார். அது அங்கே ஒரு தேவாலயத் தூணுக்குள் வைக்கப்பட்டிருக்கிறது.

ஹங்கேரியில் பிறந்த ஃபிரான்ஸ் லிஸ்ட் (1811 - 1886) இதற்கு நேர் எதிர். 1832 இல் பாரிஸில் வயலின் வித்வான் பகனினியின் கச்சேரியைக் கேட்டு, பியானோவில் அதைச் சாதிக்க வேண்டும் என்று வெறியோடு பயிற்சி செய்தார். ஒரே கலைஞர் மாலை முழுவதும் தனியாக வாசிக்கும் பழக்கத்தை நிலைநாட்டியவர் அவர்தான். அதற்கு ரெசைட்டல் என்ற பெயர் 1840 இல் லண்டனில் அவருடைய நிகழ்ச்சிக்கே முதலில் சூட்டப்பட்டது. அவருடைய ரசிகர்களின் வெறிக்கு 1844 இல் கவிஞர் ஹைனே லிஸ்டோமேனியா என்று பெயரிட்டார். இன்றைய நட்சத்திரக் கலாசாரத்தின் தொடக்கப் புள்ளி இது.

புகழின் உச்சியில், 1847 இல், 35 வயதில் கச்சேரிப் பயணங்களை நிறுத்திவிட்டு வைமர் நகரில் குடியேறினார். அங்கே ஒரே பகுதியில் ஒரு கவிதையையோ ஓவியத்தையோ இசையாக்கும் சிம்பொனிக் கவிதை என்ற வடிவத்தை உருவாக்கினார்.

பெயர் மறைந்த பெண்கள்

சுதந்திரக் கலைஞர் என்ற புதிய பட்டம் எல்லோருக்கும் கிடைத்ததா? இல்லை.

ஃபெலிக்ஸ் மெண்டல்சனின் அக்கா ஃபேனி (1805 - 1847) தம்பிக்கு இணையான பயிற்சி பெற்றவர். ஆனால் தம்பிக்கு இசை தொழிலாகலாம், உனக்கு அது ஓர் அணிகலனாக மட்டுமே இருக்க முடியும் என்ற பொருளில் தந்தை 1820 இல் கடிதம் எழுதினார். ஃபேனியின் ஆறு பாடல்கள் ஃபெலிக்ஸின் பெயரிலேயே அச்சாயின. 1842 இல் விக்டோரியா மகாராணி மெண்டல்சனின் பாடல்களில் தனக்குப் பிடித்த ஒன்றைப் பாடிக் காட்டியபோது, அது தன் அக்காவுடையது என்று ஃபெலிக்ஸ் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 1846 இல், 40 வயதில்தான் ஃபேனி தன் சொந்தப் பெயரில் துணிந்து பதிப்பிக்கத் தொடங்கினார். மறு ஆண்டே ஒத்திகையின்போது பக்கவாதம் தாக்கி இறந்தார். 450 க்கும் மேற்பட்ட படைப்புகளை விட்டுச் சென்றார். 1828 இல் அவர் எழுதிய ஈஸ்டர் சொனாட்டா தம்பியுடையது என்றே நம்பப்பட்டு வந்தது. கையெழுத்துப் பிரதியை ஆராய்ந்து அது ஃபேனியுடையதுதான் என்று 2010 இல் உறுதி செய்தார்கள்.

கிளாரா ஷூமன் (1819 - 1896) தன் 16 ஆவது வயதில் சொந்தமாக எழுதிய பியானோ கான்செர்ட்டோவை மெண்டல்சன் நடத்திய இசைக்குழுவோடு வாசித்தார். தந்தையின் எதிர்ப்பை நீதிமன்றத்தில் வென்று 1840 இல் ராபர்ட் ஷூமனை மணந்தார். ராபர்ட் அந்த ஒரே ஆண்டில் 130 க்கும் மேற்பட்ட பாடல்கள் எழுதினார். கிளாரா எட்டுப் பிள்ளைகளைப் பெற்றார். கணவர் மனநோய் முற்றி 1856 இல் காப்பகத்தில் இறந்தபின், கச்சேரி செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். அதன்பின் அவர் இசையமைத்தது மிகக் குறைவு. பெண் இசையமைக்க முடியுமா என்று தன் நாட்குறிப்பில் அவரே சந்தேகப்பட்டு எழுதியிருக்கிறார். அந்தச் சந்தேகத்தை அவருக்குக் கொடுத்தது அந்தக் காலம்.

வாக்னரா, பிராம்ஸா?

நூற்றாண்டின் பிற்பகுதியில் இசை உலகம் இரண்டு முகாம்களாகப் பிரிந்தது. இசை கதையோடும் கவிதையோடும் சேர வேண்டும் என்றது லிஸ்ட், வாக்னர் அணி. இசைக்கு இசையே போதும் என்றது பிராம்ஸ் அணி. 1860 இல் பிராம்ஸ் உட்பட நால்வர் கையெழுத்திட்ட கண்டன அறிக்கை ஒன்றும் வெளியாகிக் கேலிக்கு ஆளானது.

ரிச்சர்ட் வாக்னர் (1813 - 1883) ஓபராவைக் கவிதை, இசை, நாடகம், காட்சி எல்லாம் ஒன்றாகும் கலையாக மாற்றினார். ஒவ்வொரு பாத்திரத்துக்கும், பொருளுக்கும், எண்ணத்துக்கும் ஒரு சிறு மெட்டைக் கொடுத்தார். வாள் மேடையில் இல்லாதபோதும் வாளின் மெட்டு ஒலித்தால், பாத்திரம் எதை நினைக்கிறது என்று கேட்பவருக்குப் புரிந்துவிடும். இதை லைட்மோட்டிஃப் என்கிறார்கள். இன்று திரைப்படத்தில் வில்லன் வருவதற்கு முன்பே அவனுடைய பின்னணி இசை வந்துவிடுவது இந்த உத்தியால்தான். 1865 இல் அரங்கேறிய டிரிஸ்டன் ஓபராவின் தொடக்கத்தில் வரும் கூட்டுச்சுரம் ஓய்வு தேடி ஏங்குகிறது. அந்த ஓய்வு சுமார் நான்கு மணி நேரம் கழித்து, காதலர் இருவரும் மடியும்போதுதான் கிடைக்கிறது. சுரங்களின் பழைய இலக்கணம் அங்கிருந்துதான் தளரத் தொடங்கியது.

அதே வாக்னர் 1850 இல் யூத இசைக் கலைஞர்களை இழிவுபடுத்திப் புனைபெயரில் ஒரு கட்டுரை எழுதினார். 1869 இல் அதையே சொந்தப் பெயரில் மறுபடியும் வெளியிட்டார். பின்னாளில் ஹிட்லர் அவரைக் கொண்டாடினார். 2001 இல் டேனியல் பாரன்பாய்ம் ஜெருசலேமில் டிரிஸ்டனின் முன்னிசையை வாசித்தபோது சிலர் கோபத்தோடு வெளியேறினார்கள். மகத்தான இசை, மகத்தான மனிதரிடமிருந்துதான் வரும் என்ற விதி இல்லை.

யோஹன்னஸ் பிராம்ஸ் (1833 - 1897) பீத்தோவனின் நிழலுக்குப் பயந்தவர். முதல் சிம்பொனியை முடிக்க அவருக்கு ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆயின. 1876 ஆகஸ்டில் பைராய்ட் நகரில் வாக்னர் தனக்கென்றே கட்டிய அரங்கில் நான்கு இரவுகள் நீளும் ரிங் ஓபராக்கள் முழுமையாக அரங்கேறின. அதே ஆண்டு நவம்பரில் பிராம்ஸின் முதல் சிம்பொனி அரங்கேறியது. நான்காவது சிம்பொனியின் இறுதிப் பகுதியை ஒரு சிறு அடிப்படை மெட்டின் மேல் 30 மாற்றங்களாகக் கட்டினார். அது பாக் காலத்துப் பழைய வடிவம். பழைய பாத்திரத்தில் புதிய உணர்ச்சி என்பதே அவருடைய புதுமை.

தாய்மண்ணின் குரல்

ஜெர்மன் இசையே இசை என்ற எண்ணத்தை மற்ற நாட்டவர்கள் உடைத்தார்கள். செக் நாட்டின் ஸ்மெட்டானா 1874 இல் முழுக்கச் செவிடானார். அதே ஆண்டின் இறுதியில் தன் நாட்டு நதியான வல்டாவா ஊற்றாகப் பிறந்து பிராகா நகரைக் கடந்து ஓடுவதை இசையாக எழுதினார். அவருக்குப் பின் வந்த டுவோர்ஷாக் 1892 இல் நியூயார்க் சென்று, அமெரிக்க இசை கறுப்பின மக்களின் பாடல்களிலிருந்துதான் எழ வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

ரஷ்யாவின் சைக்கோவ்ஸ்கி (1840 - 1893) பாலே நடன இசையைச் சிம்பொனிக்கு நிகராக உயர்த்தினார். நாடேஷ்டா வான் மெக் என்ற செல்வந்தப் பெண்மணி ஆண்டுக்கு 6000 ரூபிள் கொடுத்து அவரை ஆதரித்தார். ஒரே நிபந்தனை, இருவரும் சந்திக்கக் கூடாது என்பது. 1890 இல் உதவி நிற்கும் வரை கடிதங்களிலேயே அந்த நட்பு வாழ்ந்தது. அவருடைய ஆறாவது சிம்பொனி, வழக்கமான வெற்றி முழக்கத்துக்குப் பதிலாக மெல்ல மெல்லத் தேய்ந்து அணைகிறது. அது அரங்கேறிய ஒன்பதாம் நாள் அவர் இறந்தார்.

முடிவுரை

ஹைடன் வேலைக்குச் சேர்ந்தபோது எஸ்டர்ஹாசி இசைக்குழுவில் சுமார் 15 பேர் இருந்தார்கள். 1910 செப்டம்பரில் மியூனிக் நகரில் குஸ்டாவ் மாலரின் எட்டாவது சிம்பொனி அரங்கேறியபோது மேடையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். ரொமான்டிக் காலம் எவ்வளவு தூரம் நடந்தது என்பதற்கு இந்த இரண்டு எண்களே சாட்சி.

ஆனால் இன்னொன்றையும் நினைக்க வேண்டும். சீருடை அணிந்த ஹைடனுக்கு நிலையான சம்பளம் இருந்தது. எழுதியதை உடனே வாசித்துக் காட்ட ஓர் இசைக்குழு பக்கத்திலேயே இருந்தது. சுதந்திரமாக வாழ்ந்த ஷூபர்ட்டுக்கு அது இல்லை. அவர் இறந்து பத்து ஆண்டுகள் கழித்து ராபர்ட் ஷூமன் வியன்னாவில் ஷூபர்ட்டின் அண்ணன் வீட்டுக்குப் போனபோது, அங்கே குவிந்து கிடந்த தாள்களுக்கு நடுவே ஒரு பெரிய சிம்பொனியைக் கண்டார். 1839 மார்ச்சில் லைப்சிக்கில் மெண்டல்சன் அதை நடத்தினார். இன்று உலகின் பெரிய இசைக்குழுக்கள் எல்லாம் வாசிக்கும் சிம்பொனி அது.

அதை எழுதியவர் ஒரு கச்சேரி மேடையில் அதைக் கேட்டதே இல்லை. விடுதலைக்கு அந்தத் தலைமுறை கொடுத்த விலை அது. அப்படிக் கொடுத்ததால்தான், இன்று உத்தரவு கேட்டு முன்கூடத்தில் நிற்காமல் தன் மனதில் தோன்றியதை எழுத ஒரு இசையமைப்பாளரால் முடிகிறது.